சீல் கிட் கையில் இருக்கிறது, இன்ஜினைத் திறக்கலாமா?

கேள்வி: ஓசூரில் இன்ஜின் ரீகண்டிஷனிங் பட்டறை வைத்திருக்கிறேன். டிராக்டர், டீசல் வேன் இன்ஜின்கள்தான் அதிகம் வரும். பெங்களூரு வாடிக்கையாளர் ஒருவர் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். எஃப்டி மாடல், 13பி ட்வின் டர்போ ரோட்டரி இன்ஜின். சூடான பிறகு ஆஃப் செய்தால் மறுபடி ஸ்டார்ட் ஆவதில்லை. ஐடிலில் உதறுகிறது. காலையில் வெள்ளைப் புகை வருகிறது, கூலன்ட் குறைகிறது. அபெக்ஸ் சீலும் ரப்பர் சீல்களும் அடங்கிய கிட்டை அவரே ஆன்லைனில் வாங்கிக் கொடுத்து, "மாத்திக் குடுத்துடுங்க" என்கிறார். என்னிடம் மைக்ரோமீட்டர், போர் டயல் கேஜ், ஃபீலர் கேஜ் எல்லாம் உண்டு. பிரித்துப் பார்க்கும்போது எதை எதை அளக்க வேண்டும்? ஹவுசிங் தேய்ந்திருந்தால் ரீபோர் செய்யவோ குரோம் ஏற்றவோ முடியுமா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்ற எல்லாம் அதைப் பொறுத்துத்தான். பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும் ரோட்டரியில் ரீபோர் கிடையாது, லைனர் கிடையாது, ஓவர்சைஸ் என்ற பேச்சே கிடையாது. ரோட்டரைச் சுற்றியுள்ள உறையான ரோட்டர் ஹவுசிங் அலுமினியத்தால் ஆனது. அதன் உள்ளே இரும்புத் தகடு பதித்து, அதன்மேல் ஹார்டு குரோம் ஏற்றியிருப்பார்கள். அந்தக் குரோம் போனால் ஹவுசிங் போனது. ஓசூரில் குரோம் பிளேட்டிங் யூனிட்டுகளுக்குப் பஞ்சமில்லை, ஏற்றித் தருகிறேன் என்று சொல்வார்கள். வேண்டாம். இடுப்பு சிறுத்த அந்த வளைவில் தடிமன் ஒரே சீராக ஏறாது. ஏற்றியதை அதே வளைவுக்குக் கிரைண்ட் செய்யத் தனி மெஷின் வேண்டும். அதோடு மாஸ்டாவின் குரோம் ஆயிலைப் பிடித்து வைக்க நுண்ணிய துளைகள் உள்ள பரப்பு. கண்ணாடி போல் மின்னும் சாதாரணக் குரோமில் ஆயில் நிற்காது, ரோட்டரின் மூன்று முனைகளிலும் உட்கார்ந்து ஹவுசிங்கை உரசும் அபெக்ஸ் சீல் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

ஆகவே கிட்டைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். ஹவுசிங்கும் பக்கவாட்டு இரும்பு ஹவுசிங்குகளும் தேறினால்தான் அந்தக் கிட்டுக்கு வேலை. வாடிக்கையாளரிடம் "பிரித்து அளந்து பார்க்க இவ்வளவு, மாற்றுவதற்கு எவ்வளவு ஆகும் என்பதைப் பிறகு சொல்கிறேன்" என்று இரண்டாகப் பிரித்துப் பேசிவிடுங்கள். ஹவுசிங் விலை கிட் விலையைப் போல் பல மடங்கு. பாதியில் அதைச் சொன்னால் சண்டை வரும்.

இன்ஜினை இறக்கும் முன் இரண்டு சோதனைகள் பாக்கி இருக்கின்றன. முதலாவது கம்ப்ரஷன். சாதாரண கேஜ் ரோட்டரின் மூன்று முகங்களில் எது அதிகமோ அதை மட்டும் காட்டி நின்றுவிடும். ஒரு முகம் செத்திருந்தாலும் தெரியாது. மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி டெஸ்டர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் உங்கள் கேஜின் ஒன்வே வால்வைக் கழற்றிவிடுங்கள். முள் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு முறை துள்ளும். இன்ஜின் சூடாக, பேட்டரி முழு சார்ஜில், ஆக்ஸிலரேட்டர் முழுக்க மிதித்து, பெட்ரோலும் இக்னிஷனும் கட் செய்து, மேலே உள்ள டிரெய்லிங் ப்ளக் துளையில் அளக்க வேண்டும். 250 ஆர்பிஎம்மில் சதுர சென்டிமீட்டருக்கு 8.5 கிலோ இருக்க வேண்டும், 6.0 கடைசி எல்லை. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் வித்தியாசம் 1.5ஐயும், இரண்டு ரோட்டர்களுக்கு இடையே 1.0ஐயும் தாண்டக் கூடாது.

இந்த எண்கள் கடல் மட்டத்துக்கானவை. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தமே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு, கேஜும் அதே அளவு குறைத்துத்தான் காட்டும். உங்கள் பட்டறையில் 5.5 காட்டினால் அது சென்னையில் 6.1. கீழே கிருஷ்ணகிரிக்கு வண்டியை எடுத்துப் போனால் இந்த வித்தியாசம் குறையும். பெங்களூருவும் ஓசூர் உயரம்தான், எனவே அங்கே முன்பு எடுத்த ரீடிங் இருந்தால் அதோடு நேராக ஒப்பிடலாம். மூன்று துள்ளலில் ஒன்று மட்டும் படுத்தால் அந்த முகத்தின் பக்கவாட்டில் உள்ள சைடு சீல்மேல் சந்தேகம். இரண்டு முகம் படுத்தால் அவற்றுக்கு நடுவில் உள்ள அபெக்ஸ் சீல் உடைந்திருக்கலாம். மூன்றும் சமமாகக் குறைந்தால் தேய்மானம், அல்லது கார்பனில் ஒட்டிக்கொண்ட சைடு சீல்கள்.

இரண்டாவது கூலிங் சிஸ்டம். ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் பிரஷர் டெஸ்டரை மாட்டி 0.9 பார் ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். காலையில் ப்ளக்குகளைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றினால் எந்தத் துளையிலிருந்து கூலன்ட் பீய்ச்சுகிறதோ அந்தப் பக்கத்து வாட்டர் சீல் (கூலன்ட் உள்ளே கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போயிருக்கிறது. நீங்கள் சொல்லும் வெள்ளைப் புகையை வைத்துப் பார்த்தால் இது நடக்கவே வாய்ப்பு அதிகம். பிரித்த பிறகு எந்த இடத்தை உற்றுப் பார்க்க வேண்டும் என்பது இதில் தெரிந்துவிடும்.

இப்போது இறக்கலாம். ஆயிலை வெள்ளைத் துணி விரித்த தட்டில் வடியுங்கள், சம்ப்பைக் கழற்றி அடியில் தங்கியதை விரலால் தடவிப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத, ஈயம் போல் மின்னும் பொடி என்றால் பேரிங். செம்பு நிறமாக இருந்தால் பேரிங்கின் மேல் அடுக்கு போய் அடி அடுக்கும் தேய ஆரம்பித்துவிட்டது.

ஃபிளைவீலைக் கழற்றும் முன் டயல் கேஜை அதன்மேல் வைத்து ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் தள்ளி எண்ட் பிளே, அதாவது அது எவ்வளவு அசைகிறது என்ற அளவு, எடுத்துவிடுங்கள். 0.04 முதல் 0.07 மில்லிமீட்டர் சரி, 0.09 எல்லை. முன்பக்கம் உள்ள நீடில் த்ரஸ்ட் பேரிங்குகளுக்கு நடுவே ஒரு ஸ்பேசர் இருக்கும். அந்த ஸ்பேசர்தான் இந்த அளவைத் தீர்மானிக்கிறது. அதன்மேல் எழுத்து பொறித்திருக்கும், குறித்து வையுங்கள்.

ஃபிளைவீல் நட் 54 மில்லிமீட்டர். 40 கேஜிஎஃப்-மீட்டருக்கு மேல் டார்க் (முறுக்கு விசை) கொடுத்து, த்ரெட்லாக்கும் போட்டிருப்பார்கள். சாதாரண ரேட்சட்டில் நெம்பினால் ரேட்சட்தான் உடையும். முக்கால் இன்ச் பார், ஸ்டாப்பர், நீளக் குழாய் மூன்றும் தேவை. அசையவில்லையென்றால் நட்டை மட்டும் சூடு காட்டுங்கள். நட் தளர்ந்ததும் முழுக்க எடுத்துவிடாமல் நாலைந்து மரை விட்டு வையுங்கள். ஃபிளைவீல் டேப்பரில் உட்கார்ந்திருக்கும், விடுபடும்போது துப்பாக்கி போல் சத்தம் போட்டு எகிறும். நட் இல்லாவிட்டால் நேராகக் காலில் விழும்.

இரண்டு ரோட்டர் ஹவுசிங், மூன்று இரும்பு ஹவுசிங், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பவை பின்பக்கமிருந்து முன்பக்கம் வரை ஓடும் நீளமான டென்ஷன் போல்ட்டுகள். இன்ஜினைப் பின்பக்கம் மேலே வரும்படி நிறுத்துங்கள். ஒரு போல்ட்டை முழுக்கக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். எதிரெதிராகக் கால் சுற்று, அரைச் சுற்று என இரண்டு மூன்று முறை வலம் வந்து தளர்த்துங்கள். அட்டைப் பெட்டியில் ஹவுசிங் வடிவத்தில் துளை போட்டு, எந்தப் போல்ட் எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். துருப் பிடித்த போல்ட் எந்த இடத்தில் இருந்தது என்பது பிறகு தேவைப்படும், தண்ணீர் அங்கே வந்திருக்கிறது என்று அர்த்தம்.

பின் இரும்பு ஹவுசிங்கை எடுக்கும்போது நேராக மேலே தூக்குங்கள். ஸ்க்ரூடிரைவரைச் சீலிங் பரப்புக்குள் விட்டு நெம்பக் கூடாது, வெளியே காது போல் நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களில் மட்டும் நெம்புங்கள். அசையவில்லையென்றால் ட்யூப் போன்ற டோவல் பின்கள் துருப் பிடித்திருக்கும். பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு அன்று ராத்திரி விட்டுவிடுங்கள். தூக்கியவுடன் அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள், சைடு சீலோ கார்னர் சீலோ அதில் ஒட்டிக்கொண்டு வந்து பட்டறைத் தரையில் உருளும்.

அடுத்து பின் ரோட்டர் ஹவுசிங், பின் ரோட்டர். நடு இரும்பில்தான் முதல் தடவை பிரிப்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். எக்ஸென்ட்ரிக் ஷாஃப்ட் (இதில் கிராங்க் ஷாஃப்ட் வேலையைச் செய்வது) உள்ளே இருக்கும்வரை அது நேராக வராது, பின் ரோட்டர் உட்காரும் ஜர்னல் தடுக்கும். ஒருவர் ஷாஃப்ட்டை மேலே தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் நடு இரும்பைப் பக்கவாட்டில் நகர்த்தி ஜர்னலைத் தாண்டி வெளியே எடுக்க வேண்டும். இரண்டு ஆள் வேலை. தனியாக முயன்றால் 74 மில்லிமீட்டர் ஜர்னலில் கீறல் விழும்.

சீல்களைக் கழற்றும்போது கலந்துவிடாமல் வைப்பதுதான் இந்த வேலையின் பாதி. ஒரு ரோட்டருக்கு 3 அபெக்ஸ் சீல், 6 கார்னர் சீல், 6 சைடு சீல், 4 ஆயில் சீல். மொத்தம் இரண்டு மடங்கு, அடியில் ஸ்பிரிங்குகள் வேறு. ரோட்டருக்கு ஒன்றாக இரண்டு இட்லித் தட்டுகளை எடுத்து, குழிக்குக் குழி எண் எழுதி ஒட்டுங்கள். தூக்கி எறியப் போகும் சீல்தானே என்று கலக்க வேண்டாம். எந்த முகத்தின் எந்த சீல் எப்படித் தேய்ந்தது என்பதில்தான் இன்ஜின் ஏன் செத்தது என்று எழுதியிருக்கும்.

எதையும் கழுவும் முன் படம் எடுங்கள். முக்கியமாக வாட்டர் சீல் உட்காரும் பள்ளம். எஃப்டியில் அந்தப் பள்ளம் இரும்பு ஹவுசிங்கில் வெட்டியிருக்கும். கம்பஸ்ஷன் பக்கத்திலிருந்து சீலைக் குறுக்கே தாண்டி, தண்ணீர் அறை வரைக்கும் மயிரிழை அகலத்தில் ஒரு கறுப்புக் கோடு போயிருந்தால் வாயு அந்த வழியாகத்தான் கூலன்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. துடைத்துவிட்டால் இந்தத் தடயம் கிடைக்காது. கோடு இருக்கும் இடத்தில் பள்ளத்தின் மெல்லிய சுவரை ஊசி முனையால் வருடுங்கள். அரித்துப் பொடியாக உதிர்ந்தால் புது ரப்பர் சீல் போட்டும் பயனில்லை, அந்த இரும்பு மாற்ற வேண்டியதுதான். எபாக்ஸி வைத்து ஒப்பேற்றுபவர்கள் உண்டு. டர்போ இன்ஜினில் அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இந்த அரிப்பு ஏன் வருகிறது என்றால், கூலன்ட் குறையும்போதெல்லாம் போர் தண்ணீரை ஊற்றுவதால். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் போர் தண்ணீரின் உப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கெட்டிலில் படியும் வெள்ளையே சொல்லும். அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கும் இடத்தில் அந்தத் தண்ணீர் நின்றால் அரிப்பு நிச்சயம். இன்னொரு காரணம் ஓவர்ஹீட். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒரு தடவை ஊசி சிவப்புக்குப் போனாலே நடுவில் உள்ள ரப்பர் நசுங்கி மறுபடி எழும்பாது.

கழுவுவதில் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. பிளாக்குகளைப் போட்டு எடுக்கும் காஸ்டிக் சோடா தொட்டி உங்கள் பட்டறையில் இருக்கும். ரோட்டர் ஹவுசிங் அதில் விழவே கூடாது. காஸ்டிக் அலுமினியத்தைத் தின்றுவிடும், ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் பார்த்தால் அழுவதற்குத்தான் ஆகும். ஹவுசிங்குக்கு மண்ணெண்ணெயும் நைலான் பிரஷும் போதும். ரோட்டர் முகத்துக் கார்பனை டீசலில் ஊறவைத்து மரச் சீவலால் சுரண்டுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், அபெக்ஸ் பள்ளத்தின் விளிம்பைத் தேய்த்துவிட்டால் நீங்கள் அளக்கப் போகும் அளவே மாறிவிடும்.

இனி அளவு. ரோட்டர் ஹவுசிங்கின் அகலம் 80 மில்லிமீட்டர். மைக்ரோமீட்டரால் சுற்றி நாலு இடத்தில் எடுங்கள், பெரியதுக்கும் சிறியதுக்கும் 0.06க்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. ப்ளக் பக்கம் சூட்டில் அமுங்கியிருப்பது வழக்கம். குரோமுக்கு மைக்ரோமீட்டர் உதவாது, நகமும் வெளிச்சமும்தான். எக்ஸாஸ்ட் போர்ட்டின் விளிம்பு, ப்ளக் துளைகளைச் சுற்றி, இரு பக்க ஓரங்கள், இந்த மூன்று இடத்தில் முதலில் உரியும். நகம் மாட்டினால் கழித்துவிடுங்கள். துணி துவைக்கும் கல்லில் உள்ள கோடுகள் போல் குறுக்காக வரிவரியாக இருந்தால் அபெக்ஸ் சீல் அதிர்ந்து கொத்திய தடம், அதுவும் கழிவுதான். டிரெய்லிங் ப்ளக் துளைக்குள் டை பெனட்ரண்ட் அடித்து விரிசல் பாருங்கள்.

இரும்பு ஹவுசிங்குகளில் நேர்விளிம்புப் பட்டையும் ஃபீலர் கேஜும் வைத்து வளைவு பாருங்கள், 0.04 எல்லை. சைடு சீல் ஓடிய தடத்தில் படி விழுந்திருந்தால் டயல் கேஜில் 0.10 வரை பொறுக்கலாம். ஆயில் சீல் ஓடும் இடத்தில் 0.02தான். அதைத் தாண்டினால் ஆயில் உள்ளே வந்து புகையாகும். பின் இரும்பில் டோவல் துளையைச் சுற்றி விரிசல் தேடுங்கள், பவர் கூட்டிய எஃப்டிகளில் அங்கே பிளக்கும். படி விழுந்த இரும்பைச் சர்ஃபேஸ் கிரைண்டரில் போட்டு ஒரு பாஸ் எடுக்கலாமே என்று கை பரபரக்கும். அந்தப் பரப்பு நைட்ரைடு செய்து கடினப்படுத்தியது. சீவிவிட்டால் அடியில் மென்மையான இரும்புதான் மிஞ்சும். லேப்பிங் செய்து மறுபடி நைட்ரைடு செய்யும் வசதி இருந்தால் மட்டும் தொடுங்கள்.

ரோட்டர்: பள்ளத்தில் புது அபெக்ஸ் சீலை நிறுத்தி இடைவெளி பாருங்கள். புதிதில் 0.06 முதல் 0.10, எல்லை 0.15. மேலே அகன்று அடியில் குறுகிய ஆப்பு வடிவமாகத் தேய்ந்திருந்தால் அந்த ரோட்டர் வேண்டாம். பள்ளத்தை 3 மில்லிமீட்டருக்கு அகலப்படுத்தித் தடித்த சீல் போடும் வழி உண்டு, ஓசூர் சிஎன்சி ஆட்களால் வெட்டவும் முடியும். ஆனால் ரோட்டர் மையத்துக்கு நேராக வெட்ட ஃபிக்ஸ்சர் வேண்டும், கனமான சீல் ஹவுசிங்கையும் அதிகம் தேய்க்கும். ரோடு காருக்கு இது தேவையில்லை. பழைய அபெக்ஸ் சீலின் உயரம் 8.0, 6.5க்குக் கீழே போயிருந்தால் வெகு காலம் ஓடியது. சைடு சீலுக்கும் கார்னர் சீலுக்கும் இடையே 0.4 எல்லை. சைடு சீல்கள் விரலால் அழுத்தினால் எழும்ப வேண்டும், கார்பனில் செத்துக் கிடந்தால் சூட்டில் ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் அங்கேயே இருக்கலாம். ஆயில் சீலின் உதடு 0.5க்கு மேல் அகன்றிருந்தால் மாற்றுங்கள். ஸ்பிரிங்குகளை அளக்க வேண்டாம், எல்லாம் புதிது போடுங்கள்.

ஷாஃப்ட் உங்களுக்குப் பழகிய வேலை: ரோட்டர் ஜர்னல் 74, மெயின் 43, பேரிங் கிளியரன்ஸ் 0.04 முதல் 0.08, எல்லை 0.10, ரன்அவுட் 0.12. ஷாஃப்ட்டுக்குள் உள்ள இரண்டு ஆயில் ஜெட்டுகளையும் கழற்றி ஊதிப் பார்க்க மறக்காதீர்கள்.

அளவு எல்லாம் முடிந்தால் இரண்டு விதமான சாவு தெரியும். ஹவுசிங் சமமாகத் தேய்ந்து, குரோம் காய்ந்து போயிருந்தால் ஆயில் மீட்டரிங் பம்பையும் நாசில்களையும் பாருங்கள். ரோட்டரி இன்ஜின் கொஞ்சம் ஆயிலை வேண்டுமென்றே எரிக்கும். "ஆயில் குடிக்குது" என்று யாரோ பம்பை மூடிவிட்டு, பெட்ரோலில் டூ-டி ஆயில் கலக்கவும் சொல்லாமல் விட்டிருப்பார்கள். நாசிலில் ஒன்வே வால்வு உண்டு, ஒரு பக்கம் மட்டும் காற்று போக வேண்டும்.

சீல் உடைந்து ரோட்டர் முகத்தில் அம்மைத் தழும்பு போல் பள்ளம் பள்ளமாக இருந்தால் அது நாக்கிங். ஜப்பானில் பிரீமியம் பெட்ரோலுக்குச் செய்த டர்போ இன்ஜினுக்கு 91 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் இதுதான் நடக்கும். இன்ஜெக்டர் ஃப்ளோ, பெட்ரோல் பம்ப் பிரஷர், பூஸ்ட் ஹோஸ்கள் மூன்றையும் சோதிக்காமல் புது சீல் போட்டால் அதே இடத்தில் மறுபடி உடையும். உடைந்த துண்டு வெளியேறும் வழியில் டர்பைன் இருக்கிறது, டர்போ பிளேடுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கிட்டில் வந்த அபெக்ஸ் சீல் எந்தத் தயாரிப்பு, 2 மில்லிமீட்டரா என்று அளந்து பாருங்கள். சில சீல்கள் இந்தக் குரோமைப் பிறாண்டும் அளவுக்குக் கடினமானவை. ரப்பர் சீல்கள் வெப்பத்தைத் தாங்கும் வகையா என்று கேளுங்கள். அளந்த பரப்புகளுக்கு ஆயில் தடவி, பிளாஸ்டிக் சுற்றி வையுங்கள், ஓசூர் மழைக் காலத்தில் இரும்பு ஹவுசிங்கில் இரண்டே நாளில் துரு பூக்கும். ஹவுசிங் அகலம், இரும்பின் வளைவு, அபெக்ஸ் பள்ளம், பேரிங், இந்த நான்கின் அளவுகளையும், கழுவும் முன் எடுத்த படங்களையும் அனுப்பினால் எந்தெந்த பாகத்துக்கு ஆர்டர் போட வேண்டும் என்று சொல்ல முடியும். அதுவரை வாடிக்கையாளரிடம் தேதி எதுவும் கொடுக்க வேண்டாம்.